ஒரு வாரம், ஒரு வாழை: மழலையர் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

மழலையர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன மாதம் தன் வாரத் திட்டத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். திங்கள் பழங்கள், செவ்வாய் வாகனங்கள், புதன் வடிவங்கள், வியாழன் வீட்டு விலங்குகள், வெள்ளி வண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ட், ஒரு பாட்டு, வண்ணம் தீட்ட ஒரு தாள். இரண்டு ராத்திரி கண்விழித்து எழுதியிருந்தார். அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திட்டப்படி போனால், குழந்தைகள் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். திங்கட்கிழமை பார்த்த பழத்தைப் பற்றி இரவில் பாட்டியிடம் பேசிவிட்டு, ஒரு சந்தேகத்தோடு செவ்வாய்க்கிழமை வருகிற பிள்ளைக்கு நாம் பஸ் படத்தைக் காட்டுவோம். அந்தச் சந்தேகம் அதோடு போய்விடும்.

திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரை ஊர் ஒன்றில் பதினெட்டு வருடமாக மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு வாரத்துக்கு ஒரே பொருளை எடுங்கள். அது கையில் பிடிக்கிற பொருளாக இருக்கட்டும், படம் வேண்டாம். இங்கே வாழையை வைத்து ஒரு வாரத்தை எழுதிக் காட்டுகிறேன், எங்கள் பக்கம் அது வீட்டுக்கு வீடு கிடைக்கிறது என்பதால். உங்கள் ஊரில் தென்னையோ பனையோ களிமண்ணோ எளிதாகக் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் சேர்ந்திருந்தால் மாதவாரியாகக் கருப்பொருள் கொடுத்திருப்பார்கள். அதற்குள் அடங்குகிற ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

முந்தைய வாரமே செய்ய வேண்டியது

வியாழக்கிழமையே பெற்றோரிடம் சொல்லிவையுங்கள்: "யாரும் கடையில் வாங்க வேண்டாம், தோட்டத்தில் இருந்தால் மட்டும் கொடுங்கள்." ஒரு சீப்புப் பழம், இரண்டு மூன்று பச்சைக் காய், ஒரு வாழைப்பூ, ஐந்தாறு இலை, காம்போடு கூடிய மட்டை, கொஞ்சம் நார், ஒரு சிறிய கன்று. ஒரு வாரத்துக்கு இவ்வளவு போதும். பூவும் இலையும் அன்றன்றைக்குப் புதிதாக வந்தால் நல்லது.

வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதிவையுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

வாழைக் கறை துணியில் பட்டால் போகாது. அந்த வாரம் பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பூவையும் மட்டையையும் தொடுவதற்கு முன்பு கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டால் விரல் கறுக்காது.

எல்லாவற்றையும் வீட்டில் நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். நான் முதல் வருடம் மட்டையை அன்று காலைதான் வெட்டினேன். உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் வண்ணத்தில் கலந்து, அச்சு ஒன்றும் விழவில்லை. பதினைந்து பிள்ளைகள் ஈரத் தாளை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். முந்தின நாள் மாலையே வெட்டி, வெட்டுவாய் கீழே படும்படி செய்தித்தாளில் நிறுத்திவைத்தால் நீர் வடிந்துவிடும். இதையெல்லாம் கை பழகித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

நாளின் எலும்புக்கூடு

பொருள் வாரத்துக்கு ஒருமுறை மாறலாம். நாளின் வரிசை மாறவே கூடாது. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த வரிசைதான் கடிகாரம். பாட்டு முடிந்தால் விளையாட்டு, விளையாட்டு முடிந்தால் கை கழுவுதல், கை கழுவினால் சாப்பாடு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அம்மா வருவாள் என்று தெரிந்துவிட்டால் அழுகை பாதியாகக் குறையும்.

எங்கள் வரிசை இது. ஒன்பதரைக்கு வருகை. அப்புறம் வட்டமாக உட்கார்ந்து ஒரு பாட்டும் அன்றைய பொருளும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் சிறு குழுக்களாக வேலை: ஐந்தாறு பேர் என்னோடு, ஐந்தாறு பேர் ஆயாவோடு, மீதிப் பேர் கட்டை, மணல், சொப்புச் சாமான் என்று தாங்களாகவே. பிறகு வெளியே ஓட்டம். சாப்பாடு. கதை. தூக்கம். பதினெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேலை கொடுத்தால் பதினாறு பேர் காத்திருப்பார்கள். காத்திருக்கிற குழந்தைதான் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும்.

ஆயாவிடம் வாரத் திட்டத்தை முழுதாகச் சொல்லிவிடுங்கள். வாழைப்பூ ஆய்வதில் அவர் கை நம் கையைவிட வேகம். அவரையே அன்று டீச்சராக்கலாம்.

திங்கள்: இலை

வட்டத்தின் நடுவில் ஒரு பெரிய இலையை விரியுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் கையால் நாலு துளி தெளியுங்கள். துளிகள் உருண்டு ஓடும். "டீச்சர், தண்ணி ஓடுது!" என்று யாராவது கத்துவார்கள். வாரம் அங்கே தொடங்கிவிட்டது.

"இது என்ன?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, தெரிந்த பிள்ளை சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "என்ன பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள். அதற்கு ஆளுக்கு ஒரு பதில் வரும். வருவதை அவர்கள் சொன்னபடியே, "தண்ணி முட்டை மாதிரி இருக்கு" என்றால் அப்படியே, பலகையில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும், தான் பேசியது எழுத்தாகி நிற்கிறது என்று அந்தப் பிள்ளைக்குப் புரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வெளி மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. கூப்பிட்டால் வருவான், கொடுத்தால் சாப்பிடுவான், அவ்வளவுதான். வாழை வாரத்தின் திங்கட்கிழமை, நான் இலைக்குப் பக்கத்தில் பழச் சீப்பை வைத்தபோது, அவன் எழுந்து வந்து பழத்தில் விரலை வைத்து "கேலா" என்றான். எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. அப்புறம் நானும் "கேலா" என்றேன். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "கேலா, கேலா" என்று கத்த, அவன் சிரித்தான். அன்று மாலைக்குள் அவன் "பழம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். வீட்டுமொழி வேறாக உள்ள பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். முதலில் அந்தப் பிள்ளையின் சொல்லை வகுப்பு கற்றுக்கொள்ளட்டும். நம் சொல் அதன் பின்னால் வரும்.

குழு வேலைக்கு இலை கிழித்தல். வாழை இலை நரம்போடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் முரண்டு பிடிக்கும். இதை நீங்கள் சொல்லித்தராதீர்கள், அவர்கள் விரலே கண்டுபிடிக்கும். கிழித்த நாடாக்களை நீளம் பார்த்து வரிசையாக அடுக்கலாம்.

அன்றே ஒரு சோதனையையும் தொடங்கிவையுங்கள். ஒரு பச்சைக் காயை ஜன்னல் மேடையில் வையுங்கள். அதே அளவுள்ள இன்னொன்றை நன்றாகப் பழுத்த பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். எது முதலில் பழுக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லட்டும், பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். பழுத்த பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், பைக்குள் அது அடைபட்டுக் காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும். இது உங்களுக்காகச் சொன்னது. பிள்ளைகளுக்குப் பையைத் திறக்கும் வரை சொல்ல வேண்டாம்.

மதியச் சாப்பாடு இலையில்.

செவ்வாய்: பூ

இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இது. ஒரு முழு வாழைப்பூவை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு மடலை உரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடலுக்கு அடியிலும் சின்னப் பூக்கள் சீப்பு மாதிரியே வரிசையாக இருக்கும். உரிக்க உரிக்க நிறம் கருஞ்சிவப்பிலிருந்து வெளுத்துக்கொண்டே போகும், அளவும் சிறுத்துக்கொண்டே போகும். உரித்த மடல்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை தரையில் அடுக்கச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது.

பிறகு ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர். மடல் ஒவ்வொன்றும் ஒரு படகு. படகில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எத்தனையில் கவிழ்கிறது என்று பார்க்கலாம். "என் படகு ஏழு தாங்குச்சு" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அந்த ஏழு அதற்குச் சொந்தம். ஒரு எச்சரிக்கை: புளியங்கொட்டை வாய்க்கும் மூக்குக்கும் போகும். ஐந்து பேருக்கு மேல் இல்லாமல், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்ப வாங்குங்கள். திரும்ப வாங்கி எண்ணுவதும் கணக்குதான். மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொட்டையே வேண்டாம், வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய மூடிகள் கொடுங்கள்.

நாலு வயதுக்கு மேற்பட்டவர்களை ஆயாவிடம் அனுப்பி, பூவில் நடுவே உள்ள நரம்பை எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் கள்ளன் என்போம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்த மெல்லிய நரம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அதே இரண்டு விரல்கள்தான். "பென்சில் எப்போ பிடிக்க வைப்பீங்க?" என்று கேட்கிற பெற்றோருக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ஆய்ந்த பூ மறுநாள் கூட்டாகச் சாப்பாட்டில் வந்தால், தான் ஆய்ந்தது என்று தட்டைக் காலி செய்வார்கள். வீட்டில் காய் தொடாத பிள்ளையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

புதன்: எண்ணுவது, பங்கு போடுவது

நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "மூணு பழம் எடுத்துக் கொடு" என்றால் சில சமயம் கைநிறைய அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு பழத்துக்கு ஒரு விரல், ஒரு விரலுக்கு ஒரு எண். இந்த வயதில் பத்து வரை அப்படி எண்ணத் தெரிந்தால் அருமையான விஷயம்.

சீப்பிலிருந்து பன்னிரண்டு பழத்தை எடுத்துவையுங்கள். அன்று பதினெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், என்ன செய்யலாம்? நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு தடவை முதலில் ஒரு பிள்ளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனது. பன்னிரண்டு பேரோடு தீர்ந்துபோனது. ஆறு பேர் வெறும் கையோடு நின்றார்கள், ஒருத்திக்கு உதடு பிதுங்கியது. இன்னொருவன் "கடையில வாங்குங்க டீச்சர்" என்றான். கடைசியில் ஒரு பெண் தன் பழத்தை உரித்து, இரண்டாகப் பிய்த்து, உதடு பிதுங்கியவளிடம் ஒரு பாதியை நீட்டினாள். அவ்வளவுதான், எல்லாரும் பிய்க்க ஆரம்பித்தார்கள். இருபத்து நாலு பாதி. பதினெட்டுப் போக ஆறு மிச்சம். ஆயாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வாசலில் நின்ற தாத்தாவுக்கு ஒன்று என்று மிச்சத்துக்கும் ஆள் தேடினார்கள். பாதி என்ற சொல்லை நான் அன்று சொல்லித்தரவே இல்லை.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். பிள்ளைகள் தடுமாறும்போது பார்க்கப் பொறுக்காது, "பாதியாக்கலாமே" என்று வாய்வரை வந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

வியாழன்: அச்சும் எழுத்தும்

நேற்று மாலை வெட்டி நிறுத்திவைத்த மட்டைத் துண்டுகளை எடுங்கள். வெட்டுவாயில் பிறை வடிவம், அதற்குள் தேன்கூடு மாதிரி அறை அறையாக. மஞ்சளைக் குழைத்தது, பீட்ரூட் சாறு, இரண்டிலும் கொஞ்சம் மைதாப் பசை கலந்தால் அச்சு நன்றாக விழும். என்ன வரைய வேண்டும் என்று சொல்லாதீர்கள். பிறையைப் பிறை பார்த்து அச்சடித்து ஒருவர் மீன் செய்வார், ஒருவர் தாள் முழுக்கக் குத்தித் தள்ளுவார். இரண்டும் வேலைதான்.

எழுத்துக்கு வருவோம். பெற்றோர் எல்லாரும் அகரத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். பாட்டாகச் சொல்ல அ, ஆ சரி. ஆனால் கையால் எழுத அ கடினமான எழுத்து, எத்தனை வளைவு பாருங்கள். ட என்றால் இரண்டே கோடு. ப என்றால் மூன்றே கோடு. பழத்தின் முதல் எழுத்து ப. பொருளும் எழுத்தும் இப்படிச் சேர்ந்து அமைவது நமக்கு வசதி. மூன்று ஈர்க்குச்சியை வைத்து ப கட்டச் சொல்லுங்கள். ஒன்றை எடுத்தால் ட. திரும்ப வைத்தால் ப. பிறகு தட்டில் மணலைப் பரப்பி விரலால்.

1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, குழந்தைகளை விரலால் தடவ வைத்தவர். நம் திண்ணைப் பள்ளிகளிலும் மணலில் விரலால்தான் எழுத்து தொடங்கியது. ஆக, மணல் தட்டு வைத்திருப்பதற்கு யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. எழுதப் பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், குச்சியில் கட்டியதே அந்த வாரத்துக்குப் போதும்.

வெள்ளி: பை, கதை, கன்று

காலையில் காகிதப் பையைத் திறக்கும் நேரம். திங்களன்று எழுதிவைத்ததைப் படித்துக் காட்டுங்கள், யார் என்ன சொன்னார் என்று. பைக்குள் இருந்தது மஞ்சள் ஏறியிருக்கும், ஜன்னலில் இருந்தது பெரும்பாலும் பின்தங்கியிருக்கும். சில சமயம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படியானால் "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமா?" என்று அதையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

கதை நேரத்தில் புத்தகம் வேண்டாம். "ஒரு குட்டி வாழைக்கன்று இருந்துச்சாம்" என்று நீங்கள் ஆரம்பித்துவிட்டு, ஆளுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கள் கன்று ஒருமுறை பஸ் ஏறிச் சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தது.

கடைசியாக நடவு. கை கழுவுகிற தண்ணீர் போகும் இடத்துக்குப் பக்கத்தில் குழி. குழியை நீங்களும் ஆயாவும் தோண்டிவையுங்கள், மண் தள்ளுவது பிள்ளைகள். வாழை ஒரு தடவை தார் போட்டதும் வெட்டிவிடுவோம், பக்கத்துக் கன்று அந்த இடத்தில் வளரும் என்று சொல்லலாம். வாழையடி வாழை என்று பெரியவர்கள் சொல்வதை அவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள், நடுவில் எல்.கே.ஜி. முடித்துப் போயிருந்தாலும் வழியில் எட்டிப்பார்க்க வருவார்கள்.

எழுதிவைக்க வேண்டியது

தினமும் பிள்ளைகள் போன பிறகு மூன்றே மூன்று பேரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். வாரத்தில் பதினைந்து பேர் ஆகிவிடும், மீதிப் பேர் அடுத்த வாரம் முதலில். "நன்றாகச் செய்தான்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து ஒன்றும் தெரியாது. "மடல்களை அடுக்கும்போது ஐந்தாவது பெரியதாக இருந்ததைப் பார்த்து, தானே எடுத்து மாற்றினாள்" என்று எழுதுங்கள். "கூட்டமாக இருந்தால் காதைப் பொத்திக்கொள்கிறான், இது மூன்றாவது முறை" என்று எழுதினால், பெற்றோரிடம் பேசவும் தேவைப்பட்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்லவும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

பெற்றோர் வரும்போது வீட்டுப்பாட நோட்டைத் தேடுவார்கள். அவர்களை அச்சுத் தாள் தொங்குகிற கொடிக்கும், பலகையில் உள்ள வாக்கியங்களுக்கும் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் பிள்ளை சொன்ன வரியை விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள். "வீட்டில் இன்று நாலு தட்டு எடுத்துவைக்கச் சொல்லிப் பாருங்கள்" என்று ஒரே ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள்.

வெள்ளி மாலை நீங்கள் களைத்திருப்பீர்கள், தரையெல்லாம் நாரும் மஞ்சளுமாக இருக்கும். கூட்டித் தள்ளிவிட்டு, கிளம்பும் முன் ஒரு தாளில் பதினெட்டுப் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறிய அடையாளப் படம் வரைந்து கதவில் ஒட்டிவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் வந்ததும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் முறை என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.